எதைக் கேட்டாலும் ஓகே

நவம்பர் 11, திங்கள்

விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. வாளியில் மிச்சம் இருந்ததில் முகம் கழுவிக்கொண்டு அலுவலகம் போனேன்.

போனதும் கிருபாகரன் அண்ணா எங்களைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் டீமில் மூன்று பேர்தான். அண்ணா டீம் லீட். ரிஸ்வானா அக்கா டெஸ்டிங் பார்ப்பவர், பல வருட அனுபவம். நான் ஜூனில் சேர்ந்தவள். டிசம்பர் இருபது வரை எனக்கு புரொபேஷன். அதன் பிறகு வைத்துக்கொள்வார்களா அனுப்பிவிடுவார்களா என்பது அண்ணா எழுதும் பரிந்துரையில் இருக்கிறது.

அரசூர் கம்பெனியிடமிருந்து புகார் வந்திருக்கிறது. அவர்கள் நூற்பாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்பவர்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே சுற்றும் உருளையை பிரேக் பிடித்து நிறுத்துவது அந்த போர்டின் வேலை. திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் மூடியைத் திறந்த பிறகும் உருளை சுற்றியிருக்கிறது. பஞ்சு தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்த பிரஷ்ஷை உள்ளே இழுத்துவிட்டது. பிரஷ்ஷை விட்டுவிட்டதால் கை தப்பியது. போர்டைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் சைபர்.

"அந்த மதிப்ப எழுதறது நம்ம சர்வர்தான்," என்றார் அண்ணா. "ஆனா நம்ம லாக் பதிவுல ஓகேன்னுதான் இருக்குது. அப்ப போர்டுலதான் கோளாறு."

"இல்ல, நம்ம ஓகேல கோளாறா?" என்றார் ரிஸ்வானா அக்கா. சொல்லும்போது என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்?

நான் குனிந்து குறிப்பெடுத்தேன். குறிப்பெடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா போனில், "ஆபீஸ்ல என்னதாஞ் சாமி பண்ற, பக்கத்து வீட்ல கேக்கறாங்க," என்றாள். அம்மா வெள்ளகோவிலில் முறுக்குக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பாக்கெட் என்றால் அம்மாவுக்குப் புரியும் என்று அதிலிருந்தே சொன்னேன்.

கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் போர்டில் எழுதவும் சோதிக்கவும் செய்யும் எங்கள் மென்பொருள், டீபக் சர்வர் (debug server), உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சின்னச் சின்ன பாக்கெட்டாக வேலை அனுப்பும். 'இந்த இடத்தில் இந்த எண்ணை எழுது' என்பது ஒரு பாக்கெட். வழியில் கெடாமல் வந்திருந்தால் சர்வர் முதலில் 'வந்து சேர்ந்தது' என்று ஒரு கூட்டல் குறி அனுப்பும். பிறகு வேலையைச் செய்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லும். முடிந்தால் ஓகே. முடியாவிட்டால் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். பாக்கெட் என்ன சொல்கிறது என்றே புரியாவிட்டால் வெற்றுப் பதில்.

"முடியாட்டி முடியலன்னு சொல்லிப்போடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லும்மா. சொல்லோணும்."

"நல்ல மிசினு," என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

எங்கள் சோதனை அறையான லேபில் உள்ள கம்ப்யூட்டரில் ரிஸ்வானா அக்கா எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் திரையை மாற்றினார். நான் பார்க்காதது போல ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வரும்போது அவர் மறுபடி அந்தத் திரையைக் கொண்டுவந்து போனில் படம் எடுத்ததையும் பார்த்தேன். கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு அறையில் அவரும் எச்.ஆர். மேடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவைத் திறந்ததும் பேச்சு நின்றது. "என்ன கோகிலா, தக்காளி சாதமா?" என்றார் மேடம். அது தக்காளி சாதம்தான். ஆனாலும்.

நவம்பர் 15, வெள்ளி

எழுதும் பாக்கெட்டைக் கையாளும் பகுதி நான் செய்தது. செப்டம்பரில் அண்ணா என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. சிப் எழுத மறுத்தால் பிழை, நேரத்துக்குள் எழுதி முடிக்காவிட்டால் பிழை, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து வேறாக இருந்தால் பிழை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வைத்திருந்தேன். அதை வரி வரியாக மனப்பாடமாகச் சொல்வேன்.

அரசூருக்குப் போன பதிப்பை இன்று திறந்து பார்த்தேன். பிழை எண்கள் எதுவும் இல்லை. எது நடந்தாலும் கடைசியில் வருவது ஒரே வரிதான்: ஓகே. சிப் எழுத மறுத்தாலும் ஓகே. பாதியில் நின்றாலும் ஓகே.

யார் மாற்றியது என்று பார்த்தேன். புரோகிராம் கோடில் ஒவ்வொரு மாற்றத்தோடும் மாற்றியவர் பெயரும் தேதியும் விழும். தேதி அக்டோபர் 25. பெயர் கோகிலவாணி.

நான் செய்யவில்லை.

திரையை மூடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ரிஸ்வானா அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"இருபத்தஞ்சாம் தேதி எங்க இருந்த நீ?" என்றார். சும்மா சாப்பிட்டாயா என்று கேட்பது போலக் கேட்டார்.

"இங்கதாங்க்கா," என்றேன்.

நவம்பர் 16, சனி

துணி துவைத்தேன். விடுதி வாஷிங் மெஷினுக்கு என் முறை மாலையில்தான் வந்தது. மழை வேறு.

இங்கே இருந்தேன் என்று நான் ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று நான் வெள்ளகோவிலில் இருந்தேன். என் கூடப் பிறந்த சுமதி அக்காவுக்கு வளைகாப்பு. லீவு கேட்டபோது அண்ணாதான், "புரொபேஷன்ல லீவு போட்டா எச்.ஆர். கணக்கு வெச்சுக்கும். நீ போய்ட்டு வா, உன் லாகின்ல நான் வருகை போட்டுடறேன்," என்றார். எங்கள் தளத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதான். அதனால் பதிவில் அன்று நான் காலையிலிருந்து மாலை வரை அலுவலகத்தில் இருந்திருக்கிறேன்.

இல்லை என்று சொன்னால் அண்ணாவுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். நல்லது செய்தவருக்கு அதைச் செய்யக் கூடாது.

நவம்பர் 18, திங்கள்

எனக்கு உறுதியாகத் தெரிகிறது, ரிஸ்வானா அக்காதான். எப்போதும் லேபில் உட்காருபவர் அவர். டெஸ்டிங்கில் பிழை என்று சிவப்பு விழுந்தால் அறிக்கை எழுத வேண்டும். பச்சை என்றால் வேலை முடிந்தது. அதற்காக மாற்றிவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறார். புதியவள், கேட்க ஆள் இல்லை, சின்ன ஊர்க்காரி. என் பெயரை எப்படிப் போட்டார் என்பதுதான் தெரியவில்லை.

நாலு மணிக்கு அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணா நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டில்கூட யாரும் என்னை அப்படி முழுதாகப் பேச விட்டதில்லை. பிறகு, "ரிஸ்வானான்னு எப்படிச் சொல்ற?" என்றார். போட்டோ எடுத்ததைச் சொன்னேன். "ம்," என்றார். "யார்கிட்டயும் இதப் பேசாத. நான் பாத்துக்கறேன்."

நீலக் கட்டம் போட்ட சட்டை. இதை எழுத வேண்டிய அவசியமில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அண்ணா எனக்கு மட்டும் இஞ்சி டீ வாங்கி வந்தார். ரிஸ்வானா அக்கா பார்த்தார்.

நவம்பர் 21, வியாழன்

எம்.டி. தேவசகாயம் சார் அறைக்குள் ரிஸ்வானா அக்காவைக் கூப்பிட்டார்கள். அண்ணாவும் உள்ளே. கதவு மூடியிருந்தது. அக்கா வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. நேராகக் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து எதுவும் நடக்காதது போல டைப் செய்தார். விசைகளை அடித்த சத்தம் மட்டும் அதிகம்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

நவம்பர் 22, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் ரிஸ்வானா அக்கா வந்து பக்கத்தில் நின்றார். வழக்கமாக ஸ்கூட்டியில் போகிறவர். பையில் குடையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் மாத்துனேன்னு கிருபாகிட்ட சொன்னியாமே."

குடை கையில் பட்டும் தேடிக்கொண்டே இருந்தேன்.

"சார் சொல்றாரு, டீம்லயே பேச்சா இருக்குன்னு. டீம்ல இருக்கறது மூணு பேரு. நான் என்னப் பத்திப் பேசல."

பஸ் வந்தது. ஏறப்போனேன். "அடுத்ததுல போலாம், நில்லு," என்றார். நின்றேன். என்னை யாராவது நில் என்றால் நின்றுவிடுவேன்.

"அன்னிக்கு உன் சீட் காலியா இருந்துச்சு. ஏசி காத்து என் மேல அடிக்குதுன்னு உன் சீட்ல உக்காந்துதான் நான் வேல செஞ்சேன். சாயந்தரம் வரைக்கும். ஆனா பதிவுல நீ வந்திருக்க. மாத்துனதும் உன் பேர்ல. உனக்கு பயமா இல்ல?"

"நீங்க எதுக்குங்க்கா போட்டோ எடுத்தீங்க?"

"மறுபடியும் யாராவது மாத்திட்டா? ஒரு சின்னப் புள்ள தலைல கட்டப் பாக்கறாங்கன்னு எனக்கு எட்டு நாளா தூக்கம் இல்ல. அந்தச் சின்னப் புள்ள என்னயக் கை காட்டியிருக்கு." சிரித்தார். சிரிப்பாக இல்லை. "உனக்கு யார் வருகை போட்டாங்கன்னு மட்டும் யோசி. என்கிட்ட சொல்ல வேணாம்."

அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. விடுதியில் சாம்பார் தீர்ந்திருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

யோசிக்கவில்லை. தலைக்குக் குளித்தேன். அறைத்தோழி ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை உருண்டை தின்றேன்.

வருகை போட்டது ஒன்று. புரோகிராமை மாற்றியது வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? கூட்டல் குறி வந்துவிட்டதால் வேலை நடந்ததாக அர்த்தமில்லையே.

ரிஸ்வானா அக்கா என்னைக் குழப்பப் பார்க்கிறாரோ என்னவோ.

நவம்பர் 25, திங்கள்

அக்கா என்னை லேபுக்குக் கூப்பிட்டார். அண்ணா அரசூருக்குப் போயிருந்தார். லேப் கம்ப்யூட்டரில் ஒரு வெற்றுக் கோப்பில் ஒரு புள்ளி வைத்து அக்காவே சேமித்தார். "பேரப் படி," என்றார்.

கோகிலவாணி என்று விழுந்தது.

"புதுசா வர்றவங்கதான் லேப் மெஷின செட் பண்ணித் தரணும். அது இங்க வழக்கம். ஜூன்ல யாரு செட் பண்ணுனது?"

நான்தான். சேர்ந்த வாரத்தில் அண்ணா கொடுத்த வேலை. பெயர் கேட்ட இடத்தில் என் பெயரைக் கொடுத்தேன். வேறு யார் பெயரைக் கொடுப்பது என்று தோன்றவில்லை. கம்பெனியில் முதல்முதலாக என் பெயரை டைப் செய்தது அங்கேதான். அதற்குப் பிறகு லேபில் யார் எதை மாற்றினாலும் என் பெயரில்தான் விழுந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அல்லது ஒருவர் கவனித்திருக்கிறார்.

"அன்னிக்கு லேப்ல யாருங்க்கா இருந்தாங்க?"

"கிருபா. மத்தியானம் பூரா உள்ளதான். அரசூர் கம்பெனி திருமலைசாமிகூட போன்ல கத்திட்டே இருந்தான்."

லேபில் ஏசி சத்தம் எப்போதும் இவ்வளவு இருக்குமா என்று தெரியவில்லை.

நவம்பர் 27, புதன்

அண்ணா என்னைச் சத்தி ரோடு ஜூஸ் கடைக்குக் கூட்டிப் போனார். இப்படி ஒரு நாளை நான் வேறு விதமாகக் கற்பனை செய்திருந்தேன். அதை இங்கே எழுதவில்லை.

எனக்குச் சாத்துக்குடி சொன்னார். கேட்காமலே சர்க்கரை வேண்டாம் என்றார். நினைவு வைத்திருக்கிறார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "ரிஸ்வானா சொல்லியிருப்பா."

நான் ஸ்ட்ராவால் ஜூஸைக் கிளறினேன்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். அக்டோபரில் அரசூரில் புது சிப் வந்திருக்கிறது. எழுத அதிக நேரம் எடுக்கும் சிப். அவ்வப்போது எழுத்து பாதியில் நின்று திரையில் சிவப்பு விழுந்திருக்கிறது. சிவப்பு விழுந்தால் அவர்கள் லைன் நின்றுவிடும். தீபாவளிக்கு மில் ஆட்கள் ஊருக்குப் போவதற்குள் லோடு போக வேண்டும். உற்பத்தி மேலாளர் திருமலைசாமி போனில் திட்டியிருக்கிறார். ரெண்டு நாளைக்குச் சிவப்பை மறைத்துக் கொடு, அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்.

"நான் திருப்பி மாத்திரலாம்னுதான் இருந்தேன் கோகிலா. லீவு வந்துச்சு. அப்படியே போச்சு. பிரேக் மதிப்பும் அதே வழியிலதான் போகுதுன்னு அந்த நேரத்துல தோணல. ஒரு பொம்பளை கை போயிருக்கும்னு நெனச்சா எனக்கே சோறு எறங்கல."

அது உண்மை என்று நினைக்கிறேன். கண் கீழே கறுத்திருக்கிறது.

"நாலாம் தேதி அரசூர் முதலாளியே மீட்டிங் வர்றாரு. புதுசா வந்த பொண்ணு, தெரியாம மாத்திருச்சுன்னு போனா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். புரொபேஷன்ல இருக்கறவங்க தப்ப யாரும் பெருசு பண்ண மாட்டாங்க. நான் மாத்துனேன்னு வந்தா எனக்கு வேல போகும், கம்பெனிக்கு ஆர்டர் போகும். உன் கன்ஃபர்மேஷனுக்கு நான் ஏற்கெனவே எழுதி அனுப்பிட்டேன். நல்லா எழுதியிருக்கேன்."

"அன்னிக்கு நான் ஊர்ல இருந்தேங்கண்ணா."

"அதச் சொன்னா உன் வருகையும் பொய்னு ஆகும். அதுக்குதான் சொல்றேன். உன் நல்லதுக்கு."

"சரிங்கண்ணா," என்றேன்.

சரி என்றதும் அவர் தோள் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. யாராவது எதையாவது கேட்டால் நான் முதலில் சொல்வது சரி. அதற்குப் பிறகுதான் கேட்டது என்ன என்று யோசிப்பேன்.

நவம்பர் 29, வெள்ளி

தலைவலி என்று மதியமே வந்துவிட்டேன். அறையில் யாரும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

சுமதி அக்கா போன் செய்தாள். ஒன்பதாம் மாதம், மூச்சு வாங்குகிறது. "வேல நிரந்தரமாயிருச்சா?" என்றாள். இன்னும் மூன்று வாரம் என்றேன். "உன் மச்சான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க, எங்க கோகிலா இஞ்சினியருன்னு. அப்பா லாரில ஒக்காந்துக்கிட்டு டேங்க் ரொம்பறதக்கூடப் பாக்காம உன்னப் பத்தித்தான் பேசறாரு. போன வாரம் ரோடெல்லாம் தண்ணி."

சிரித்தோம்.

அப்பாவுக்கு நான் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றாகத்தான் இருக்கும்: உங்க டீம் லீடுகிட்ட அனுசரிச்சுப் போகலாமல்ல? அவர் எல்லோரிடமும் அனுசரித்துப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளை நான் சரி என்று சொன்னால் என்ன நடக்கும்? புரோகிராமைத் திருத்தி அனுப்புவோம். இனி எழுதும் போர்டுகளில் சிவப்பு ஒழுங்காக விழும். கூட்டம் முடிந்தது, காபி.

ஆனால் ஏற்கெனவே போன போர்டுகள்? சிப் எழுதியதும் ஓகே, எழுதாததும் ஓகே. எந்த மில்லில் எது இருக்கிறது என்று லாக்கை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று தெரிந்தால்தான் எல்லா போர்டையும் திருப்பி எடுப்பார்கள். ஒரு புதுப் பெண்ணின் கைப்பிழை என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதை அண்ணா யோசித்திருப்பாரா? யோசித்துவிட்டுத்தான் ஜூஸ் வாங்கிக் கொடுத்தாரா? இந்தச் சந்தேகம் எனக்கு வரவே கூடாது என்று நினைத்தேன். வந்துவிட்டது.

டிசம்பர் 4, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அரசூர் முதலாளி வெள்ளைச் சட்டை, பருத்த ஆள், அதிகம் பேசவில்லை. கூட வந்த திருமலைசாமிதான் பேசினார். "எங்க லைன்ல எந்தக் கோளாறும் இல்லீங்க. உங்க சாப்ட்வேரு ஓகேன்னுச்சு, நாங்க அனுப்பிச்சோம். அவ்வளவுதானுங்க."

தேவசகாயம் சார் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா, "எங்க புது எஞ்சினியர் ஒருத்தர், அனுபவம் இல்லாம, பிழைப் பதில எடுத்துட்டாங்க சார். இப்ப சரி பண்ணிட்டோம்," என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரிஸ்வானா அக்கா மட்டும் மேசையைப் பார்த்தார்.

"கோகிலவாணி, அப்படித்தானாம்மா?" என்றார் சார்.

அண்ணா லேசாகத் தலையசைத்தார், சொல்லு, சீக்கிரம் முடியட்டும் என்பது போல.

"இல்லைங்க சார்," என்றேன்.

அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை. சார் காதைச் சாய்த்தார். மறுபடி சொன்னேன். "நான் மாத்தலீங்க சார். அன்னிக்கு நான் ஆபீஸ்லயே இல்லை. எங்க அக்கா வளைகாப்புக்குப் போயிருந்தேன். பதிவுல இருக்கற வருகை பொய்ங்க சார்."

"யார் போட்டது?"

"அது எனக்காகப் போட்டதுங்க. அதுக்கு நானும் பொறுப்புதாங்க சார்."

திருமலைசாமி சிரித்தார். "ஏம்மிணி, யாரு மாத்துனா இப்ப என்னுங்? அதான் சரி பண்ணியாச்சுல்ல. வேலயப் பாக்கலாமுங்க."

"சரி பண்ணுனது இனிமே போறதுக்குத்தானுங்க," என்றேன். "தீபாவளிக்கு முன்னாடி போன போர்டுல எது எழுதுச்சு, எது எழுதலன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. முடியலன்னு சொன்ன போர்டையும் நம்ம சர்வர் ஓகேன்னு சொல்லிருச்சு. எல்லாத்தையும் திருப்பி எடுத்து மறுபடி எழுதோணும். இல்லாட்டி இன்னொரு மில்லுல மூடியத் தெறந்து பாத்துத்தான் தெரியும்."

என் வாழ்க்கையில் ஓர் அறையில் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. உட்கார்ந்த பிறகுதான் எழுந்து நின்று பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அரசூர் முதலாளி என்னைப் பார்க்கவில்லை. திருமலைசாமி பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"முடியலன்னு சொல்லிட்டிருந்ததா அது? உங்களுக்குச் செவப்பு வந்துச்சா, தீபாவளிக்கு முன்னாடி?"

திருமலைசாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"உங்களைத்தானுங்க கேக்கறேன்."

"ஒண்ணு ரெண்டு வந்துச்சுங்க. லோடு நின்னுரும்னுதாங்க…"

அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

அண்ணாவை மேல் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. லிஃப்ட்டில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டோம். அவர் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. சாம்பல் நிறச் சட்டை, மேல் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தார்.

இறங்கும்போது, "நீ சரின்னு சொன்னியே கோகிலா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். வருகைப் பதிவு விஷயத்தால் புரொபேஷனை மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். "நல்லவேளை, இதோட போச்சு," என்றார். இதோடு போய்விட்டதா, அல்லது கூட்டத்தில் வாய் திறந்தவளை மெதுவாக வெளியே அனுப்ப மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்களா? மேடத்தின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பூச்சாடியில்கூடத் தூசி இல்லை. அவ்வளவு கவனமான மேசை.

அப்பாவிடம் சொன்னேன். லாரி எஞ்சினை அணைத்தார். "மார்ச்சு வரைக்கும் சம்பளம் வருமல்ல?" என்றார். வரும் என்றேன். "அப்ப சாப்புடு," என்றார்.

ரிஸ்வானா அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "வேல இருக்கு கோகிலா," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நின்றேன். "பரவால்ல, போ," என்றார். பரவாயில்லை என்றால் அவர் என்னுடன் சாப்பிட உட்கார்ந்திருப்பார். அவர் தன் டப்பாவோடு வேறு மேசைக்குப் போகிறார். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கோபம்தான்.

டிசம்பர் 12, வியாழன்

அரசூர். மில்களிலிருந்து போர்டுகள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் மறுபடி எழுதிப் பார்க்க என்னை லைனில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிழை எண்கள் எல்லாவற்றையும் பழையபடி போட்டு நானே கொண்டுவந்த பதிப்பு.

லைனில் பெண்கள்தான். தலையில் நீலத் தொப்பி. போர்டைச் செருகுவது, பட்டனை அழுத்துவது, பச்சை வந்தால் வலது தட்டு. காலையிலிருந்து பச்சையாகவே வந்தது. நான் உட்கார்ந்திருப்பதே தண்டம் என்று எனக்கே தோன்றத் தொடங்கியபோது சிவப்பு விழுந்தது. மணி அடித்து லைன் முழுக்க நின்றது.

"போச்சு," என்றாள் எனக்கு எதிரில் இருந்த மாரியம்மாள். "தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தடவகூட நிக்காமப் போச்சு. இந்தப் புள்ள வந்ததும் நிக்குது. ஏங்கண்ணு, ராசியில்லாத கையா உன்னுது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்தது பச்சை. அதற்கடுத்தது மறுபடி சிவப்பு. மணி.

சூப்பர்வைசர் வந்தார். புதியவர், திருமலைசாமி போன பிறகு லைனைப் பார்க்க வந்திருப்பவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்காங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் நின்னா எப்படி? இது ஒண்ணுதான? மறுபடி பவர் குடுத்தா எடுத்துக்கும். வலது தட்டுல போட்டுருங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குரலில் இதைச் சொல்கிறார்கள். இவர் நல்லவராகவே இருக்கலாம். உண்மையிலேயே பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இனி யாரையும் பார்த்த உடனே எனக்குத் தெரியப் போவதில்லை.

"இல்லைங்க," என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் போர்டைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. லைன் நின்றபடியே இருந்தது. மாரியம்மாள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அந்தப் புள்ள எந்திரிக்கற மாதிரி தெரியல. டீ குடிச்சுட்டு வரலாம் வாங்கடி," என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் போகவில்லை. நானும் எழவில்லை.